துரோகிப் பட்டத்தின் நூறாண்டுகள்

2000ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்று. கொழும்பில் வெளிவந்த தமிழ் நாளேடு ஒன்றில் அப்போது நான் உதவி ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டிருந்தேன். ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு முகாம் வீழ்ந்திருந்தது. மே 3ஆம் திகதி புதிய அவசரகால விதிகள் பிறந்தன. போர்ச் செய்திகளுக்கான தணிக்கை 1998 ஜூன் முதலே இருந்துவந்ததுதான். ஆயினும் புதிய விதிகள் அதன் எல்லையை வெகுதூரம் விரித்துவிட்டன. பக்கங்களை முடிப்பதற்கு முன்னர் செய்திப் பிரதிகளை எடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் தணிக்கை அலுவலகத்துக்கு ஓடும் பொறுப்பு, ஆசிரிய பீடத்தில் வயதில் இளையவன் என்ற ஒரே தகுதியின் பேரில் என் தலையில் விழுந்திருந்தது.

தமிழ்ப் பிரதிகளைப் பார்வையிட்டவர் ஓய்வுபெறும் வயதை அண்மித்த ஒரு தமிழர். நெற்றியில் திருநீறு, கையில் சிவப்புப் பேனா. தென்மராட்சியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கோயில் மண்டபங்களில் தங்கியிருக்கிறார்கள் என்ற செய்தியை அன்று கொண்டுபோயிருந்தேன். முதலில் மக்களின் தொகையை வெட்டினார். பிறகு ஊர்ப் பெயர்களை வெட்டினார். கடைசியில் குடிதண்ணீர் இல்லை என்ற பந்தியையும் வெட்டினார்.

"ஐயா, தண்ணி இல்லை எண்டதும் இராணுவ இரகசியமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, நாடு யுத்தத்தில நிக்குது. உமக்கு நாட்டுப்பற்று இல்லையே?" என்றார். பிரதிகளை அடுக்கி என்னிடம் நீட்டியவர், நான் எழுந்தபோது குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்: "உமக்கு வந்த செய்தியில வரணிப் பக்கம் எப்பிடி எண்டு ஏதும் இருந்ததே? என்ர தமக்கை அங்கதான்."

இருந்தது. அதை அவரே சற்று முன்னர் வெட்டியிருந்தார். இரண்டாம் பக்கத்தின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அந்த ஊரின் பெயரைக் காட்டினேன். கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாட்டுப்பற்று இல்லையா என்ற அந்தக் கேள்வியை இந்நாட்டில் எத்தனை பேர் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் தேடிப் பார்த்ததுண்டு. கேட்டவர்கள் மாறியிருக்கிறார்கள், கேட்கப்பட்டவர்களும் மாறியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அக்கேள்வியைக் கேட்டது பிரித்தானிய அரசு, கேட்கப்பட்டவர்களோ சிங்கள பௌத்தத் தலைவர்கள் என்பதைத் தென்னிலங்கையில் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ, நானறியேன்.

1915ஆம் ஆண்டைத்தான் சொல்கிறேன். மே 28ஆம் திகதி, வெசாக் காலத்தில், கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் பௌத்த ஊர்வலம் தொடர்பாக எழுந்த தகராறு சில நாள்களில் கொழும்புக்கும் மேற்கு, தெற்குக் கரையோரங்களுக்கும் பரவியது. தாக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன என்பது கணக்கு. ஐரோப்பாவில் முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை அது. ஆளுநர் சேர் றொபேட் சாமர்ஸ் இந்தக் கலவரத்தில் பேரரசுக்கு எதிரான சதியைக் கண்டார். ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. ஓகஸ்ட் 30 வரை அது நீடித்தது. எப். ஆர். சேனநாயக்கவும் டி. எஸ். சேனநாயக்கவும் டி. பி. ஜயதிலகவும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலவின் 'சிங்கள பௌத்தயா' தடைசெய்யப்பட்டது. பியதாச சிறிசேன சிறைப்பட்டார். இவர்கள் அனைவர் மீதும் சுமத்தப்பட்ட பழி ஒன்றே: அரசத் துரோகம்.

இந்த இடத்தில் எழுதுவதற்கு எவருக்குத் துணிவிருந்தது என்று பார்த்தால், அந்தப் பெயர்கள் சிங்களப் பெயர்களாக இல்லாதிருப்பது வியப்பளிக்கும். 'மோர்னிங் லீடர்' ஆசிரியர் ஆர்மண்ட் டி சூசா கோவாவிலிருந்து வந்தவர். நீதவான் ஒருவரை விமர்சித்து எழுதியமைக்காக 1914இலேயே நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவர். இராணுவச் சட்டத்தின் நூறு நாள்களைப் பற்றிப் பின்னர் அவர் எழுதிய நூல் இன்றும் அக்காலத்துக்கான சான்றாதாரங்களில் ஒன்று. (இடதுசாரி இயக்கத்தில் பெயர்பெற்ற டொரிக் டி சூசா இவருடைய மகன். அந்த வீட்டில் அரசாங்கங்களைக் கண்டு அஞ்சும் வழக்கம் இருக்கவில்லைப் போலும்.)

மற்றவர் நம் பொன்னம்பலம் இராமநாதன். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களைப் பற்றியும், தண்டம் என்ற பெயரில் சிங்களக் கிராமங்களிலிருந்து கறக்கப்பட்ட பணத்தைப் பற்றியும் சட்டசபையில் பேசினார். போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடினார். 1916இல் அங்கேயே அது பற்றி நூலொன்றையும் வெளியிட்டார். அவர் நாடு திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்ற கதையை நம் பாட்டன்மார் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஈ. டபிள்யூ. பெரேரா சுட்டுத்தள்ளும்படி இடப்பட்ட உத்தரவின் பிரதியைச் சப்பாத்துக்குள் மறைத்து இலண்டனுக்குக் கொண்டுசென்றார் என்பதும் அவ்வாறே வழங்கிவரும் கதை. அன்றைய அரசின் சட்டப்படி அந்தச் சப்பாத்து தேசத்துரோகம். இன்றைய பாடப்புத்தகத்தின்படி அது தேசப்பற்று.

இக்கதையை இத்தோடு நிறுத்திவிடுவது தமிழர்களாகிய நமக்கு வசதியானது. ஆனால் காத்தான்குடியைச் சேர்ந்த நண்பரொருவர் ஒருமுறை என்னை மறித்து, "உங்கட இராமநாதன் கடை எரிஞ்சவனுக்காக எத்தனை பக்கம் எழுதினவர்?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அரச வன்முறையை அத்துணை நெஞ்சுறுதியோடு எதிர்த்த இராமநாதனின் கண்ணுக்கு, அடிபட்ட முஸ்லிமின் துயரம் அதே அளவில் தெரியவில்லை என்பதே முஸ்லிம்களின் நினைவு. முஸ்லிம்கள் தனி இனமல்லர், மதத்தால் மட்டுமே வேறுபட்ட தமிழர்கள் என்று 1880களில் அவர் முன்வைத்த வாதமும் அந்த நினைவோடு சேர்ந்தே இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அன்று தடைசெய்யப்பட்ட சிங்களப் பத்திரிகைகள் வெறும் சுதந்திரக் குரல்களாக இருக்கவில்லை. முஸ்லிம் வணிகர்களுக்கு எதிரான வெறுப்பு அவற்றில் தாராளமாக அச்சேறியிருந்தது. ஆளுநரின் தணிக்கை அந்த வெறுப்பைக் குணப்படுத்தவில்லை. வெறுப்பை எழுதியவர்களைத் தியாகிகளாக்கிவிட்டு அது தன் வேலையை முடித்துக்கொண்டது.

அடுத்து 1958. பேராதனையில் கலைமாணிப் பட்டத்துக்குப் படித்த நாள்களில், விடுதி அறை நண்பனிடமிருந்த மங்கிய ஒளிப்பிரதியொன்றில்தான் தாசி வித்தாச்சியின் 'எமேர்ஜென்சி 58' நூலை முதன்முதலில் வாசித்தேன். இரண்டு இரவுகளில் வாசித்து முடித்துவிட்டு, மூன்றாம் இரவு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். 1834இல் தோன்றிய 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் வித்தாச்சி. சிங்களவர். நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனத்தில் ஆசிரியர் கதிரையில் இருந்தும், தாம் அறிந்ததைத் தம் பத்திரிகையில் அச்சிட முடியாதவராக இருந்தார்.

அந்த மே மாதத்தின் நாட்காட்டியைப் பார்ப்போம். 22ஆம் திகதி முதல் பொலனறுவைப் பகுதியில் ரயில் பயணிகள் தாக்கப்பட்டார்கள். அடுத்த நாள்களில் வன்முறை பரவிற்று. 25ஆம் திகதி நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்ன மட்டக்களப்புப் பகுதியில் கொல்லப்பட்டார். 26ஆம் திகதி பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வானொலியில் உரையாற்றினார். அவ்வுரையில் அவர் எடுத்துச் சொன்னது இந்தக் கடைசி மரணத்தை. கேட்டவர்களுக்கு எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கின, தொடக்கியவர்கள் தமிழர்கள் என்ற எண்ணம் ஏற்பட்டது. 27ஆம் திகதிதான் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது, பத்திரிகைத் தணிக்கையும் அதனோடு வந்தது. தமிழரசுக் கட்சியும் சிங்களத் தரப்பில் ஜாதிக விமுக்தி பெரமுனவும் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டன.

தணிக்கைக்கு ஆதரவாக எக்காலத்திலும் சொல்லப்படும் நியாயம், செய்தி மக்களைக் கொதிக்கவைக்கும் என்பது. 1958இல் மக்களைக் கொதிக்கவைத்தது எது? பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியையொருவர் மட்டக்களப்பில் தமிழர்களால் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்றொரு வதந்தி அந்த நாள்களில் காட்டுத்தீயாகப் பரவியது. அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லிப் பாணந்துறையில் இந்துக் கோயில் குருக்கள் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். பின்னர் விசாரித்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த அப்படியோர் ஆசிரியை மட்டக்களப்பில் பணியாற்றவேயில்லை என்று தெரியவந்தது. வித்தாச்சி இதைப் பதிவுசெய்திருக்கிறார். வதந்திக்குப் பிரதி கிடையாது, ஒப்புநோக்குநர் கிடையாது, தணிக்கை அதிகாரியின் மேசைக்கு அது போவதுமில்லை. பிரதமரின் வானொலி உரையையும் எந்தச் சிவப்புப் பேனாவும் தொடவில்லை. நிறுத்தப்பட்டது விசாரித்து எழுதப்படும் செய்தி மட்டுமே.

கொழும்பின் அகதி முகாம்களில் பல்லாயிரம் தமிழர்கள் நின்றார்கள். கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். இவை நாட்டின் தலைநகரில், எல்லோரும் பார்க்க நடந்தவை. நடந்ததை எழுதிய நூல் அதே ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. இரு இனங்களும் இனிமேல் சேர்ந்து வாழுமா என்ற ஐயத்தோடு அந்நூல் முடிகிறது. 1959இல் பிலிப்பைன்ஸின் மகசேசே விருது வித்தாச்சியைத் தேடி வந்தது. பின்னர் அவர் வெளிநாடு சென்று, சர்வதேசப் பத்திரிகை அமைப்பிலும் ஐக்கிய நாடுகள் சபையிலும் வேலை பார்த்தார். சிங்களத் தேசியம் பேசியோருக்கு அவர் நாட்டின் மானத்தை வெளியே விற்றவர். நான் அந்நூலில் கண்டதோ, தன் வீட்டில் தீப்பிடித்ததைக் கண்டு தெருவில் நின்று கத்துகிற ஒருவனை.

அதன்பின் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம், பெரும்பாலானவை வாசகர்கள் அறிந்தவையே. 1973இல் லேக் ஹவுஸ் அரசின் கைக்குப் போனது, பத்திரிகைச் சபைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 1974இல் 'தவச' குழுமம் மூடப்பட்டது. 1981இல் யாழ் நூலகத்தோடு 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. 1983 ஜூலை முதலாம் திகதி யாழ்ப்பாணத்தின் ஆங்கில வார ஏடான 'சற்றடே றிவியூ' சீல் வைக்கப்பட்டது, அதன் ஆசிரியர் எஸ். சிவநாயகம் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றார். ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்து, தனிநாடு கோருவதையே குற்றமாக்கியது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப் படை 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகியவற்றின் அச்சகங்களைத் தகர்த்தது.

இவற்றுள் ஒன்றில் மட்டும் சற்று நிற்கத் தோன்றுகிறது. தடை நீங்கி 'சற்றடே றிவியூ' மீண்டும் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் காமினி நவரத்ன. சிங்களவர். ஜூலைக் கலவரத்தில் கொழும்புத் தமிழர்கள் வடக்கே ஓடிவந்த காலத்துக்குச் சற்றுப் பின்னர், ஒரு சிங்களப் பத்திரிகையாளர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, அங்கு இராணுவம் என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தெற்கே அவர் துரோகி என்பது சொல்லாமலே விளங்கும். வடக்கே அவரை நாம் எப்படி நினைவுகூர்ந்தோம்? தெருவொன்றுக்காவது அவர் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டுக்குத் திரும்புகிறேன். மே 19ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் 'உதயன்' சீல் வைக்கப்பட்டது. அதே வாரம் கொழும்பில் 'சண்டே லீடர்' தணிக்கையைக் கேலிசெய்து கட்டுரையொன்றை வெளியிட்டது. பலாலி தாக்கப்படவில்லை என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் நடக்கவில்லை என்று எழுதிச் சென்ற கட்டுரை அது. நடக்காதவற்றை எழுதியதற்காக அந்தப் பத்திரிகையும் மூடப்பட்டது. எங்கள் ஆசிரிய பீடத்தில் அன்று சிரித்த சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. பிறகு, தமிழில் இப்படி எழுதினால் சீல் மட்டும் வைத்துவிட்டுப் போவார்களா என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு நின்றது. ஜூன் 30ஆம் திகதி உயர் நீதிமன்றம், தணிக்கை அதிகாரியின் நியமனம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரு பத்திரிகைகளும் மீண்டும் வெளிவந்தன. புதிய விதிகளும் தாமதமின்றி வந்துவிட்டன. ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் தம் வீட்டில், எழுதிக்கொண்டிருந்த மேசையருகே கொல்லப்பட்டார். 2001 மே மாத இறுதியில் தணிக்கை நீக்கப்பட்டபோது எவரும் பட்டாசு கொளுத்தவில்லை. சிவப்புப் பேனாவின் இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டிருந்தது. 2005 ஏப்ரலில் சிவராம், 2009 ஜனவரியில் லசந்த.

சட்டமும் ஓய்ந்திருக்கவில்லை. 2006இல் எழுதிய கட்டுரைகளுக்காக ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். போர் முடிந்து மூன்று மாதங்களின் பின், 2009 ஓகஸ்ட் 31இல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவருக்கு 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 3ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, அவருக்கு ஜனாதிபதியின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. நாள் பார்த்துச் செய்யப்பட்ட நல்ல காரியம்.

இதுவரை எழுதியதை வாசிக்கும் புலம்பெயர்ந்த நண்பர்கள் பலரும் தலையசைத்திருப்பார்கள். இனி எழுதப்போவதை அவர்களில் சிலர் விரும்பமாட்டார்கள்.

துரோகி என்ற சொல்லை நாங்களும் வைத்திருந்தோம். அரசைவிடச் சிக்கனமாக, ஆனால் அரசைவிட விரைவாக அதைப் பயன்படுத்தினோம். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். விடுதலைப் புலிகளே பொறுப்பு என்று அவருடைய சக நூலாசிரியர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அவரும் முதலில் இந்திய இராணுவத்தின் அட்டூழியங்களையும் இலங்கை இராணுவத்தின் அட்டூழியங்களையும் பதிவுசெய்தவரே. நம்மவர்களையும் அதே பேரேட்டில் எழுதியதுதான் குற்றமாயிற்று. பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி 1991இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். 1992இல் சர்வதேச 'பென்' அமைப்பின் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அதைப் பெற அவர் வெளியே இல்லை. திரும்பி வரவுமில்லை. யாழ்ப்பாணத்தில் அன்று இதை எந்தப் பத்திரிகை எழுதியது? எழுத எந்த அதிகாரியும் தடைவிதிக்கத் தேவையிருக்கவில்லை.

இதை மற்றவர்கள் மீது குற்றமாகச் சுமத்துவதற்கு எனக்கு உரிமையில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

போர்நிறுத்த காலம். 2003ஆம் ஆண்டின் நடுப்பகுதி என்று நினைவு. தணிக்கை நீங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசகர் கடிதப் பகுதிக்குப் பொறுப்பாக நான் இருந்தேன். மட்டக்களப்பின் உட்புறக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை, இரு பக்கமும் எழுதியிருந்தது. எழுத்து ஒரு சிறுவனுடையது போலிருந்தது, தாய் சொல்ல யாரோ எழுதியிருக்க வேண்டும். தன் பதினான்கு வயது மகளைக் கோயில் திருவிழாவிலிருந்து இயக்கம் கொண்டுபோய்விட்டது, அவளுக்கு ஆஸ்துமா இருக்கிறது, மருந்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று பத்திரிகைக்காரராகிய நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்பதே கடிதத்தின் சாரம். விடுதலை வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. பிள்ளையைத் திருப்பித் தரும்படியும் கேட்கவில்லை. மருந்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்.

வெளியிடுவதா என்று ஆசிரியரிடம் நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சுவார்த்தைக் காலம், இந்த நேரத்தில் இது நமது மக்களின் நலனுக்கு உகந்ததல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அச்சமும் இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் அன்று அச்சம் என்ற சொல் என் வாயில் வரவில்லை. வந்தது இனப்பற்று என்ற சொல். கடிதத்தை நான்காக மடித்து மேசை இழுப்பறையில், பழைய ஒப்புநோக்குத் தாள்களுக்குக் கீழே வைத்தேன்.

2006இல் எங்கள் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. மேசைகளை ஏற்றிச் செல்ல வந்தவர்கள் இழுப்பறைகளைக் கழற்றி, உள்ளேயிருந்த தாள்களையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டியிருந்தார்கள். நான் சென்றபோது சாக்கு வாசலில் இல்லை. பழைய கடதாசி எடுப்பவன் காலையிலேயே வந்து போய்விட்டான் என்று காவலாளி சொன்னார்.

அந்தத் தாயின் பெயர் எனக்கு நினைவிலில்லை. மகளின் பெயர் நினைவிருக்கிறது. அதை எழுதுவதற்கு இப்போதும் எனக்கு அனுமதி தந்தவர் எவருமில்லை.